இரண்டு பிள்ளைகள், ஒரு சாப்பாட்டு மேசை

கேள்வி: வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் பக்கம் இரண்டு படுக்கையறை பிளாட் ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். கணவர், நான், மாமி, ஐந்தாம் தரம் படிக்கும் மகள், இரண்டாம் தரம் படிக்கும் மகன். பிள்ளைகள் படிக்கத் தனி அறை இல்லை. சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருத்தினால் ஐந்து நிமிடத்தில் சண்டை. தம்பி கையைத் தட்டுகிறான் என்று மகள் அழுவாள், பிறகு போய்க் கட்டிலில் குப்புறப் படுத்து எழுதுவாள். மகன் எழும்பி ஓடிவிடுவான். அவன் இடக்கைக்காரன், எழுத்தும் சரியில்லை என்று ரீச்சர் சொல்கிறார். மேசைக்கு முன்னால் சுவர் முழுக்க வாய்ப்பாடும் படங்களும் ஒட்டிப் பார்த்தேன், பலனில்லை. ரெயில் சத்தம் வேறு. பல்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்துப் படிப்பறை ஆக்கலாம் என்று எனக்கு எண்ணம், கட்டட வேலை செய்யும் பாஸ் ஒருவர் வந்து அளந்துவிட்டும் போனார். கணவரோ தெஹிவளைப் பக்கம் பெரிய வீடு பார்ப்போம் என்கிறார். மகளுக்கு இந்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. என்ன செய்வது?
— ஒரு தாய், கொழும்பு 6

பதில்: அன்புள்ள சகோதரி, பாஸுக்கு இன்னும் முற்பணம் கொடுக்கவில்லையென்றால் தயவுசெய்து கொடுக்க வேண்டாம். வீடு மாறுவதையும் இந்தக் காரணத்துக்காக யோசிக்க வேண்டாம். நான் பிள்ளைகளோடு வேலை செய்யும் ஒக்குபேஷனல் தெரப்பிஸ்ட். பிள்ளை எப்படி இருக்கிறது, எப்படிப் பென்சிலைப் பிடிக்கிறது, ஏன் கதிரையில் தரிக்க மாட்டேன் என்கிறது என்று பார்ப்பதுதான் என் தொழில். உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். நீங்கள் கேட்டது அறையைப் பற்றி, ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் முக்கால்வாசி மேசையின் உயரத்தையும் பிள்ளைகள் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்பதையும் பற்றியது. அதை இந்தச் சனி ஞாயிறிலேயே சரிசெய்யலாம்.

முதலில் அந்தச் சண்டை. மகள் இடப்பக்கம், மகன் வலப்பக்கம் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன், சரிதானே? மகள் வலக்கையால் எழுதுகிறாள், மகன் இடக்கையால் எழுதுகிறான். அப்படியென்றால் எழுதும் இரண்டு முழங்கைகளும் நடுவில், ஒரே இடத்தில் வந்து முட்டும். அவன் வேண்டுமென்று தட்டவில்லை அம்மா, அவனுக்கு வேறு இடமே இல்லை. இன்றைக்கே இருவரையும் இடம் மாற்றுங்கள். மகன் இடது ஓரத்தில், மகள் வலது ஓரத்தில். எழுதும் கைகள் இரண்டும் வெளிப்பக்கம் போய்விடும், நடுவில் யாருடைய கையும் அசையாது.

இப்படி இருத்துவதில் இன்னொரு நன்மை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது. வலக்கைக்காரருக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரவேண்டும், இடக்கைக்காரருக்கு வலப்பக்கமிருந்து. இல்லாவிட்டால் தன் கையின் நிழலே தான் எழுதும் இடத்தில் விழும், பிள்ளை அதைப் பார்க்கத் தலையைச் சரிக்கும், அப்புறம் முதுகும் கோணும். உங்கள் மகன் இடது ஓரத்தில், மகள் வலது ஓரத்தில் இருக்கும்போது, இருவருக்கும் நடுவில் ஒரேயொரு மேசை விளக்கை வைத்தால் போதும். அவனுக்கு அது வலப்பக்கம், அவளுக்கு இடப்பக்கம். ஒரு விளக்கு, இரண்டு பிள்ளை. மூடி கவிழ்ந்த மாதிரி இருக்கும் விளக்காக வாங்குங்கள், பல்ப் பிள்ளையின் கண்ணுக்கு நேரே தெரியக்கூடாது. பெட்டியில் 4000K என்று போட்டிருக்கும் எல்.ஈ.டி. பல்ப் கண்ணுக்கு இதமாக இருக்கும். மேசை விளக்கு எரியும்போது ஹோல் விளக்கையும் அணைக்க வேண்டாம், வெளிச்சமான கொப்பியிலிருந்து இருட்டுக்குப் பார்வை மாறி மாறிப் போவது கண்ணைக் களைக்க வைக்கும்.

விளக்கைப் பற்றிப் பேசும்போதே ஒன்று பார்த்துவிடுங்கள். நம் வீடுகளில் பல இடங்களில் கூரை விளக்கு ஃபானின் இறக்கைக்கு மேலே இருக்கும். ஃபான் சுற்றச் சுற்ற மேசையில் நிழல் வெட்டி வெட்டி ஓடும். பெரியவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை, பழகிப்போச்சு. ஆனால் இரண்டாம் தரத்துப் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கும்போது அது பெரிய இடைஞ்சல். அப்படி இருந்தால் மேசையை மூன்றடி தள்ளிப் போடுங்கள்.

இனி உயரம். ஒரு நாள் பத்து வயதுப் பையன் ஒருவனைப் பார்க்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். "இவன் ஒரு பக்கம் எழுதுவதற்குள் பத்து முறை எழும்புவான்" என்று தாய் சொன்னார். நான் ஒன்றும் பேசாமல் மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். பிள்ளையின் கால் நிலத்தில் படவில்லை. இரண்டு காலையும் கதிரைக் காலைச் சுற்றிக் கொடி மாதிரி பின்னி வைத்திருந்தான், பெருவிரல் இரண்டும் கதிரையின் குறுக்குச் சட்டத்தைப் பிடித்தபடி. மேலே தோள்கள் இரண்டும் காதுவரைக்கும் ஏறி நின்றன, ஏனென்றால் மேசை அவன் நெஞ்சளவு. அவன் எழுதிக்கொண்டிருக்கவில்லை, விழாமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தான். அந்த நிலையில் இருபது நிமிடம் இருந்து பாருங்கள், நீங்களும் நானும் கூட எழும்பித்தான் போவோம்.

சாதாரண சாப்பாட்டு மேசை சுமார் 75 சென்ரிமீற்றர், கதிரை சுமார் 45. இது வளர்ந்தவர்களுக்கான அளவு. ஐரோப்பியப் பாடசாலைத் தளபாடங்களின் தர அளவை எடுத்துப் பார்த்தால், 140 சென்ரிமீற்றர் உயரமுள்ள பிள்ளைக்குக் கதிரை 35, மேசை 59 அளவில் பொருந்தும். 120 உயரமுள்ள பிள்ளைக்குக் கதிரை 31, மேசை 53. அதாவது உங்கள் மேசை மகளுக்கு அரை அடிக்கும் மேல் உயரம், மகனுக்கு ஏறக்குறைய முக்கால் அடி.

இதற்குப் புது மேசை வேண்டியதில்லை. மேசையைத் தாழ்த்த முடியாவிட்டால் பிள்ளையை உயர்த்துவோம், பிறகு நிலத்தை அவர்கள் காலுக்கு உயர்த்துவோம். மகளுக்குக் கதிரையில் 6 சென்ரிமீற்றர் தடிப்பு வேண்டும். குஷன் அமுங்கிவிடும், அதனால் பழைய பெட்ஷீற்றை இறுக்கமாக மடித்துத் துணியால் கட்டி வையுங்கள். காலுக்குக் கீழே 16 சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு பெட்டியோ பலகையோ. மகனுக்குக் கதிரையில் 8, காலுக்குக் கீழே 22. குளியலறையில் வைக்கும் குட்டி பிளாஸ்டிக் ஸ்டூல் பெரும்பாலும் அவனுக்குச் சரியாக வரும். உங்கள் பிள்ளைகளின் உயரம் எனக்குத் தெரியாது, அதனால் இந்த எண்களை அப்படியே வைக்காமல் பிள்ளையைப் பார்த்துத் திருத்துங்கள். தோளைத் தளரவிட்டுக் கையை மடித்தால் முழங்கை மேசை மட்டத்துக்கு வரவேண்டும், பாதம் முழுதாகப் பதிய வேண்டும், தொடை நிலத்துக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் சரியென்றால் உயரம் சரி. அப்புறம் முதுகு. பெரியவர்களின் கதிரை பிள்ளைக்கு ஆழம் கூட, பின்னுக்குச் சாய்ந்தால் கால் தூக்கிக்கொள்ளும். முதுகுக்குப் பின்னால் இறுக்கமான தலையணை ஒன்றை வைத்து, முழங்காலின் பின்பக்கத்துக்கும் கதிரை விளிம்புக்கும் இடையில் இரண்டு விரல் போகுமா என்று பாருங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பவும் அளக்க வேண்டும், பிள்ளை வளரும். இதனால்தான் விலை கூடிய படிப்பு மேசையை நான் அவ்வளவாகச் சொல்வதில்லை. மொறட்டுவையில் சொல்லிச் செய்வித்தால் நல்ல மேசை கிடைக்கும்தான், ஆனால் பத்து வயதுக்கு அளந்து செய்தது பன்னிரண்டு வயதில் முழங்காலில் இடிக்கும்.

மகனின் எழுத்துக்கு வருகிறேன். தமிழும் இடமிருந்து வலமாகத்தான் எழுதுகிறோம், ஆகவே இடக்கைக்காரப் பிள்ளையின் கை தான் எழுதியதையே மறைத்துக்கொண்டும் தேய்த்துக்கொண்டும் போகும். அதைப் பார்க்க முடியாததால் மணிக்கட்டைக் கொக்கி மாதிரி வளைத்து மேலிருந்து எழுதப் பழகும். இதற்கு மூன்று சின்ன வேலை இருக்கிறது. கொப்பியை அவன் உடம்புக்கு நேரே வைக்காமல் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி வைத்து, அதன் மேல் விளிம்பை வலப்பக்கம் சரித்து விடுங்கள். பென்சிலைக் கூரிலிருந்து ஓர் அங்குலத்துக்கு மேலாகப் பிடிக்கச் சொல்லுங்கள், பிடிக்கும் இடத்தில் ஒரு றப்பர் பாண்ட் சுற்றிவிட்டால் விரல் தானே அங்கே நிற்கும். மகளின் கொப்பி மாறாக இடப்பக்கம் சரிய வேண்டும். இருவரும் சரியாக வைத்திருந்தால் இரண்டு கொப்பிகளின் தலையும் நடுவில் இருக்கும் விளக்கைப் பார்த்தபடி இருக்கும், குசினியில் நின்றே நீங்கள் அதைக் கவனித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, சாய்வு. கணவரின் அலுவலகத்தில் தடித்த பெட்டி ஃபைல், அந்த இரும்பு வளையம் வைத்தது, பழையது ஒன்று கேட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். அதைப் படுக்க வைத்தால் ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் இருக்கும். மெல்லிய பக்கம் பிள்ளையைப் பார்க்க வைத்து அதன்மேல் கொப்பி. மணிக்கட்டு சரியான கோணத்துக்குத் தானாக வரும், தலையும் குனியாது. நாங்கள் சிகிச்சையில் பாவிக்கும் சாய்பலகையும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு விஷயம் கட்டாயம்: வலக்கையால் எழுதப் பழக்குவோம் என்று யாராவது வீட்டில் சொன்னால் விடவே வேண்டாம். மாமி மரியாதைக்குரியவர்தான், ஆனால் இதில் இடம் கொடுக்காதீர்கள்.

அவன் ஓடுவதைப் பற்றி எழுதினீர்கள். ஏழு வயதுப் பிள்ளை பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஒரு வேலையில் இருந்தால் அது நல்ல இருப்பு. அதன் பிறகு நின்றுகொண்டு எழுத விடுங்கள். உட்கார்ந்து எழுத உயரமாக இருக்கும் உங்கள் மேசை, 120 சென்ரிமீற்றர் பிள்ளை நின்று எழுதுவதற்குக் கச்சிதமான உயரம், முழங்கை சரியாக மேசை மட்டத்துக்கு வரும். வாய்ப்பாடு சொல்வது, வாசித்துக் காட்டுவது இதெல்லாம் நடந்துகொண்டே செய்யலாம். எழும்புவதற்கு இன்னொரு காரணம் அழிறப்பர் தேடுவது, பென்சில் சீவப் போவது, அடிமட்டம் எடுக்கப் போவது. போகும் வழியில் ரீவியும் இருக்கும், பாட்டியும் இருப்பார், தண்ணீரும் குடிக்கத் தோன்றும். ஆளுக்கொரு ஐஸ்கிரீம் டப்பாவில் சீவிய பென்சில் மூன்று, அழிறப்பர், கட்டர், அடிமட்டம், கம், கத்தரிக்கோல் போட்டு வையுங்கள். மேசைக்கு வரும்போது டப்பாவும் வரும், சாப்பாட்டு நேரத்தில் டப்பா அலுமாரிக்குப் போகும். மகனுடைய டப்பாவில் இடக்கைக் கத்தரிக்கோல் கிடைத்தால் போடுங்கள், சாதாரணக் கத்தரிக்கோல் இடக்கையில் கடதாசியை வெட்டாது, மடிக்கும்.

சுவரில் ஒட்டியதை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்கிறேன். மேசைக்கு நேர் முன்னால் இருப்பதைக் கழற்றிவிடுங்கள். 2014இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாலர் வகுப்புப் பிள்ளைகளை ஒருமுறை படங்கள் நிறைந்த அறையிலும் ஒருமுறை வெறும் சுவர் அறையிலும் இருத்திப் படிப்பித்துப் பார்த்தார்கள். படம் நிறைந்த அறையில் பிள்ளைகளின் கவனம் கூடச் சிதறியது, படித்ததும் குறைவாகவே மனதில் நின்றது. உங்கள் உழைப்பு வீணில்லை, அந்த வாய்ப்பாட்டை முகம் கழுவும் இடத்துக்கு மேலே ஒட்டுங்கள். பல் தீட்டும்போது பார்க்கட்டும்.

ரெயில் சத்தம் பற்றி நீங்கள் கவலைப்பட்ட அளவுக்கு நான் கவலைப்படவில்லை. கரையோரப் பாதையில் ரெயில் வரும், ஹோர்ன் அடிக்கும், போகும். பிள்ளைகள் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் சத்தம் அது. மூளையை உண்மையில் இழுப்பது விளங்கும் பேச்சு. ஒருவர் பேசுவது காதில் விழுந்து, அது நமக்குத் தெரிந்த மொழியாகவும் இருந்தால், வேண்டாம் என்று நினைத்தாலும் மூளை அந்தச் சொற்களின் பின்னால் போகும். வாசிப்பும் எழுத்தும் சொற்களால் நடக்கும் வேலை என்பதால் இரண்டும் மோதிக்கொள்ளும். உங்கள் ஹோலில் மாலையில் ரீவி நாடகம் ஓடுகிறதா? கடிதத்தில் ரீவியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, ஆனால் மாமி இருக்கும் வீடு என்பதால் கேட்கிறேன். ஓடுகிறதென்றால் கடன்கேட்டு வந்த மாமியார் யாரைத் திட்டினாள் என்பதைத்தான் உங்கள் மகள் கேட்டுக்கொண்டிருப்பாள், ரெயிலை அல்ல.

அதற்காக மாமியின் நாடகத்தை நிறுத்தச் சொல்ல மாட்டேன். பகல் முழுக்கப் பிளாட்டுக்குள் இருக்கும் வயதானவருக்கு அது ஒரு துணை. பிள்ளைகளின் நேரத்தை முன்னுக்கு இழுங்கள். பாடசாலை ஒன்றரைக்கு விடும், வந்து சாப்பிட்டு ஒரு சின்னத் தூக்கம் அல்லது சும்மா படுக்கை. நாலரைக்குத் தேநீர் முடிந்ததும் மேசை. ஆறு மணிக்கு மேசை மூடல். அந்த ஒன்றரை மணி நேரத்தில் மாமியையும் மேசையின் மறுபக்கத்தில் இருத்துங்கள், போஞ்சி ஒடித்துக்கொண்டோ பூக் கட்டிக்கொண்டோ. பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் சும்மா இருந்தாலே போதும், தரித்து இருப்பார்கள். எழுத்தைத் திருத்தவோ கேள்வி கேட்கவோ வேண்டாம். போன் மட்டும் யாருடையதும் மேசையில் இருக்கக்கூடாது, உங்களுடையதும் கணவருடையதும் சேர்த்துத்தான். ஆறு மணிக்கு அவர்கள் எழும்ப, ரீவி மாமிக்கு.

அந்த ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டி இரவில் இழுக்க வேண்டாம் என்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். காலை ஐந்தரைக்கு எழுப்புகிறீர்கள் என்றால் ஆகப் பிந்தினாலும் எட்டரைக்குத் தூங்கியிருக்க வேண்டும். புலமைப்பரிசில் வருடத்தில் பத்துப் பதினொரு மணிவரை கடந்தகால வினாத்தாளோடு இருக்கும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன், எனக்கு மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். நேற்றுப் படித்ததை மூளை பதித்து வைப்பதே தூக்கத்தில்தான். ரியூசன் இருக்கும் நாளில் மகளுக்கு வீட்டில் எழுத்து வேலை குறைவாகவே இருக்கட்டும். வாரத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை காலை, ஒரு வினாத்தாளை மணிக்கூடு வைத்து இதே மேசையில் முழுதாகச் செய்யட்டும், அந்த நேரம் தம்பியை நீங்கள் வெளியே கூட்டிக்கொண்டு போங்கள்.

அவள் கட்டிலில் படுத்து எழுதுவது சோம்பலால் இல்லை என்று நினைக்கிறேன். மேசையில் தோள் வலித்திருக்கும், தம்பியின் கை வேறு, பாவம் அவள் தனக்கு வசதியான இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறாள். மேசை சரியானதும் எழுதுவது மேசையில் என்று வையுங்கள். வாசிப்பதைக் கட்டிலில் வைத்துக்கொள்ளட்டும், நிலத்தில் பாய் போட்டும் வாசிக்கட்டும், அதில் ஒரு பிழையும் இல்லை. புத்தகம் கண்ணுக்குக் கிட்டே போகாமல் மட்டும் பாருங்கள். முழங்கையைப் புத்தகத்தின் மேல் ஊன்றி, மூடிய கையைக் கன்னத்தில் வைத்தால் வரும் தூரம்தான் கண்ணுக்கும் எழுத்துக்கும் இடையில் வேண்டிய தூரம். இதை ஒரு விளையாட்டு மாதிரிச் சொல்லிக் கொடுங்கள், பிறகு அவளே அளந்து பார்ப்பாள்.

பல்கனிக்கு வருவோம். உங்கள் பிளாட் கடலைப் பார்த்தது என்றால் பல்கனி மேற்குப் பக்கம். கொழும்பில் வருடம் முழுக்கச் சூரியன் ஐந்தே முக்காலுக்கும் ஆறரைக்கும் இடையில்தான் இறங்குகிறது, அதாவது பிள்ளைகள் படிக்கும் அந்த நேரத்தில் வெயில் நேராக அவர்கள் முகத்தில். கண்ணாடி போட்டு அடைத்தால் காற்று நின்று, உள்ளே போறணை மாதிரி இருக்கும். அப்புறம் ஏசி என்பீர்கள். மே மாதத்திலிருந்து தென்மேல் பருவக்காற்று மழையைக் கடலிலிருந்து நேரே அடிக்கும், உப்புக்காற்றில் ஆணியும் பிணைச்சலும் துருப்பிடிக்கும், எம்.டி.எஃப். பலகை என்றால் ஈரம் குடித்து ஊதிவிடும். வாடகை வீட்டில் இவ்வளவையும் போடுவதற்கு வீட்டுக்காரர் சம்மதமும் வேண்டும்.

ஆனால் அந்தப் பல்கனியைத் திறந்தபடியே வேறு வேலைக்குப் பாவியுங்கள். பிள்ளைகள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் கப்பல் தெரிகிறதா என்று பார்க்கட்டும். கிட்டப் பார்த்துக் களைத்த கண்ணுக்கு அரை நிமிடம் தூரப் பார்வை அவ்வளவு நல்லது, அதற்குக் கடலைவிட நல்ல தூரம் எங்கே கிடைக்கும்! ஆறு மணிக்கு மேசை மூடியதும் இருவரையும் கீழே மரைன் டிரைவுக்கு இறக்கிவிடுங்கள். பாடசாலை இடைவேளை, போகவரும் வழி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரமாவது வெளி வெளிச்சம் படும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைவு. ஆறு மணிக்கு வெளிச்சம் மங்கத் தொடங்கியிருக்கும்தான், சனி ஞாயிறில் காலையில் ஈடுசெய்யுங்கள்.

கணவரிடம் சொல்லுங்கள், வீடு மாறுவதென்றால் வேறு நல்ல காரணம் இருந்தால் மாறலாம், ஆனால் பரீட்சை வருடத்தில் மகளின் பாடசாலை வானையும் ரியூசனையும் சிநேகிதிகளையும் குழப்ப வேண்டாம். விளக்கு ஒன்று, ஸ்டூல் ஒன்று, மகளின் காலுக்கு ஒரு பெட்டி, இவற்றுக்குத்தான் செலவு.

இரண்டு கிழமை இப்படிச் செய்து பாருங்கள். இடம் மாற்றிய முதல் இரண்டு மூன்று நாள் மகன் பழைய இடத்துக்கே போய் இருப்பான், சத்தம் போடாமல் மாற்றிவிடுங்கள். உயரம், சாய்வு, வெளிச்சம் எல்லாம் சரியான பிறகும் ஒரு மாதத்துக்கு மேலாக அவன் எழுதும்போது கை வலிக்கிறது என்றால், அல்லது எழுத்தை மாற்றி மாற்றியே எழுதினால், ஒரு தெரப்பிஸ்டிடம் நேரில் கூட்டிக்கொண்டு போங்கள், எழுத்துச் சரியில்லை என்று திட்டிக்கொண்டிருக்க வேண்டாம். மகள் புத்தகத்தைக் கிட்டத்தான் பிடிக்கிறாள் என்றால் கண்ணையும் ஒருமுறை காட்டுங்கள்.

அவனுடைய ரீச்சரிடமும் பேசுங்கள். வகுப்பில் வாங்கில் இரண்டு பேரோ மூன்று பேரோ இருத்துவார்கள், அங்கேயும் இடது ஓரத்தில் இருத்தச் சொல்லுங்கள், கொப்பியைச் சரித்து வைத்தால் நேராக்கச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.